புயலுக்கு முன்னே வீடு தயாராக வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்துவிட்டால் காவிரி டெல்டாவின் கடலோர விவசாயி வயலையும் பார்க்க வேண்டும், வானத்தையும் பார்க்க வேண்டும். வயலில் சம்பாப் பயிர் தூர் கட்டும் பருவத்தில் நிற்கும். அதற்கு மழை தேவை. அந்த மழையைக் கொண்டுவரும் வங்கக் கடல் காற்றழுத்தத் தாழ்வு நிலை, மழையோடு நின்றுவிட்டால் நன்மை. அதுவே புயலாகத் திரண்டு கரையேறினால், பல வருட உழைப்பு ஒரே இரவில் தரையில் கிடக்கும்.

புயலைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் புயலால் ஒரு குடும்பத்துக்கு ஏற்படும் நஷ்டம் எவ்வளவு என்பதில் பாதி, அந்தக் குடும்பம் முன்கூட்டி என்ன செய்து வைத்திருந்தது என்பதைப் பொறுத்தது. நாகப்பட்டினம் மாவட்டமும் அதையடுத்த தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களும் 2018-ஆம் ஆண்டில் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றன.

திரும்பத் திரும்ப வரும் விருந்தாளி

இந்தக் கடற்கரைக்குப் புயல் புதிதல்ல. 1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினத்தைக் கடும் புயல் தாக்கியது. மூன்றே ஆண்டுகளில், 1955 டிசம்பர் முதல் தேதி வாக்கில், அதிராம்பட்டினத்தை அடுத்த இராஜாமடம் பகுதியில் வந்த புயலின்போது கடல் பொங்கிப் பல கிலோமீட்டர் தூரம் உள்ளே புகுந்தது. 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1993 டிசம்பரில் காரைக்கால் அருகே ஒரு கடும் புயல் வந்தது. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் இந்தியாவிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நாகப்பட்டினம். 2008 நவம்பரில் 'நிஷா' புயல் காற்றைவிட வெள்ளத்தால் அதிகம் அழித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் 'கஜா' வந்தது.

இந்த ஆண்டுகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். சில சமயம் மூன்று ஆண்டில் வருகிறது. சில சமயம் ஒரு தலைமுறையே கழிந்து வருகிறது. நீண்ட இடைவெளிதான் அதிக ஆபத்தானது. பெரிய புயலைப் பார்த்த பெரியவர்கள் போய்விடுகிறார்கள். அவர்கள் அறிந்திருந்த முன்னெச்சரிக்கையும் அவர்களோடு போய்விடுகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னை விவசாயிகளில் பலர் கஜாவுக்கு முன்னால் அப்படிப்பட்ட காற்றைக் கண்டதே இல்லை.

கஜா புகட்டிய பாடம்

கஜா சொல்லாமல் வந்த புயல் அல்ல. 2018 நவம்பர் 11-ஆம் தேதியே அது வங்கக் கடலில் புயலாகிவிட்டது. கரை கடந்தது 16-ஆம் தேதி அதிகாலை. இடையில் ஐந்து நாட்கள் இருந்தன. வானொலியும் தொலைக்காட்சியும் இடைவிடாமல் எச்சரித்தன. தாழ்வான இடங்களில் இருந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை அரசு முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் சென்றது. அப்படியும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கை இல்லாத பழைய நாட்களோடு ஒப்பிட்டால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் உயிர் தப்பியவர்கள் மறுநாள் வீடு திரும்பியபோது பிழைப்பு தப்பவில்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கரையேறிய காற்று, லட்சக்கணக்கான தென்னை மரங்களை வேரோடு சாய்த்தது. பலவற்றைக் குருத்தோடு முறித்தது. மா, பலா, முந்திரி, சவுக்குத் தோப்புகளும் தப்பவில்லை. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் சேதமாயின. பல கிராமங்களில் மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. வீட்டைச் சுற்றி வெள்ளம் நிற்க, குடிக்க ஒரு குடம் தண்ணீர் கிடைக்காத நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. கடற்கரையோடு புயல் நிற்கவும் இல்லை. உள்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் மலை வரை சேதம் விளைவித்தது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விவசாயியும் "நமக்கு வராது" என்று இருந்துவிட முடியாது.

ஆகவே பாடம் இதுதான்: எச்சரிக்கை உயிரைக் காக்கும், பிழைப்பைக் காப்பது வீட்டில் முன்கூட்டியே செய்து வைத்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் பெரும் பகுதியைப் புயல் வரும் வாரத்தில் செய்ய முடியாது. ஆடியிலேயே தொடங்க வேண்டும்.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

வானிலை ஆய்வு மையம் புயல் எச்சரிக்கையை நான்கு கட்டமாகத் தருகிறது. சுமார் 72 மணி நேரத்துக்கு முன்னால் வருவது முதல் அறிவிப்பு. பாதகமான வானிலை தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது மஞ்சள் நிறத்தில் இரண்டாவது எச்சரிக்கை. 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு நிறத்தில் மூன்றாவது. கரை கடக்கச் சுமார் 12 மணி நேரத்துக்கு முன் சிவப்பு நிறத்தில் நான்காவது. மஞ்சளில் பயிர் வேலையும் தோப்பு வேலையும், ஆரஞ்சில் வீட்டு வேலையும் மாட்டு வேலையும் முடிய வேண்டும். சிவப்பு வந்தபின் வெளி வேலை எதுவும் கூடாது. கையில் உள்ளதை எடுத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால் புயல். 89-ஐத் தாண்டினால் கடும் புயல். 118-ஐத் தாண்டினால் மிகக் கடும் புயல் என்று பெயர்.

காற்றின் திசையையும் விவசாயி அறிந்திருக்க வேண்டும். நம் பகுதிப் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் ஓர் ஊரின் மேல் நேராகக் கடந்தால், முதலில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும். பிறகு திடீரென்று அமைதி. இதைப் புயலின் கண் என்பார்கள். 'புயல் ஓய்ந்தது' என்று எண்ணி மாட்டைப் பார்க்கவும் ஓட்டைச் சரிசெய்யவும் வெளியே வருவோர் இங்கேதான் உயிரை இழக்கிறார்கள். சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து காற்று அதே வேகத்தில் திருப்பி அடிக்கும். வடக்குக் காற்றில் வேர் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் தெற்குக் காற்றில் விழும். கோடிக்கரை முதல் அதிராம்பட்டினம் வரை உள்ள கரை தெற்கு நோக்கிய கரை. தெற்குக் காற்று கடல் நீரை அந்தக் கரை மீது தள்ளும் என்பதால், அங்குள்ளவர்கள் இரண்டாம் பாதியில்தான் அதிக கவனமாக இருக்க வேண்டும். புயல் முழுதும் கடந்துவிட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது.

வீட்டுக்கு வேண்டியவை

கணக்குக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பெரியவர், சிறியவர் சேர்த்து ஐந்து பேர். இரண்டு கறவை மாடு, நான்கு ஆடு. ஒன்றரை ஏக்கர் சம்பா நெல். வீட்டைச் சுற்றியும் கொல்லையிலுமாக நாற்பது தென்னை. டெல்டாவில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

முதலில் தண்ணீர். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு 20 லிட்டர். ஏழு நாளைக்கு 140 லிட்டர். மாடு ஒன்று நாளைக்குச் சுமார் 50 லிட்டர் குடிக்கும். இரண்டு மாட்டுக்கு மூன்று நாளைக்கு 300 லிட்டர். ஆக, மூடியுள்ள 200 லிட்டர் டிரம் மூன்று இருந்தால் ஆட்டுக்கும் சேர்த்துச் சமாளிக்கலாம். இவற்றை ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்றே, மின்சாரம் இருக்கும்போதே, நிரப்பிவிட வேண்டும். டிரம்மைக் காற்று உருட்டாத இடத்தில், சுவரை ஒட்டி வைக்க வேண்டும். ஊரில் பழுதாகிக் கிடக்கும் அடிகுழாயை ஆவணிக்குள் பழுது பார்க்கும்படி ஊராட்சியை வற்புறுத்துவது மிக அவசியம். மின்சாரம் இல்லாத நாட்களில் ஊருக்கே தண்ணீர் தருவது அதுதான்.

இரண்டாவது உணவு. ஏழு நாளைக்கு அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், அவல், பொரிகடலை, வெல்லம். அடுப்பு எரிக்க உலர்ந்த விறகு சிறிது பரண் மேல் இருக்கட்டும். கைக்குழந்தைக்குப் பால் பவுடர், பெரியவர்களுக்கு அன்றாட மருந்து ஒரு மாதத்துக்கு, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், காயத்துக்குப் பஞ்சும் மருந்தும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கருவிகள். டார்ச் விளக்கு, பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ, மாற்று பேட்டரி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, அரிவாள், கைரம்பம், கடப்பாரை, இருபது அடி நீளமுள்ள கயிறு இரண்டு. கஜாவுக்குப் பிறகு பல நாள் சாலைகளில் மரம் கிடந்தது. வெளியிலிருந்து ஆள் வரும்வரை வழி திறந்தது அந்தந்த ஊர்க்காரர்களின் அரிவாளும் ரம்பமுமே.

நான்காவது, கொஞ்சம் ரொக்கம். மின்சாரம் இல்லாதபோது வங்கி இயந்திரமும் செல்போன் பணமும் உதவாது. பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக ஒரு வாரச் செலவுக்கு வைத்திருக்க வேண்டும். முக்கிய எண்களை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கலாம்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, கால்நடை ஆம்புலன்ஸ் 1962.

வீட்டைப் பொறுத்தவரை, கூரை வீட்டின் மேல் பழைய மீன் வலையையோ தேங்காய் நார்க் கயிற்றையோ குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, தரையில் அடித்த முளைகளில் இறுக்கிக் கட்டினால் கீற்றுப் பறப்பது பெரிதும் குறையும். தகரம், சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகளில் கொக்கிகளும் ஆணிகளும் துருப்பிடித்திருந்தால் புரட்டாசிக்குள் மாற்ற வேண்டும். பறக்கும் ஷீட் கத்தியைப் போல வெட்டும். வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் மரக்கிளைகளை முன்பே கழிக்க வேண்டும். குடிசையும் மண் சுவர் வீடும் கடும் புயலைத் தாங்கா. அவற்றில் இருப்போர் பள்ளிக்கூடத்துக்கோ பேரிடர் பாதுகாப்பு மையத்துக்கோ பொழுதிருக்கவே சென்றுவிட வேண்டும். எந்த இடத்துக்குப் போவது, எந்த வழியாகப் போவது, முதியவரை யார் கூட்டிச் செல்வது என்பதை முன்பே குடும்பத்தில் பேசி முடிவு செய்திருந்தால் நள்ளிரவில் குழப்பம் இராது.

ஆடு மாடுகள்

புயல் இரவில் மாடுகள் அதிகம் சாவது கட்டுத்தறியில்தான். கொட்டகை மேலே விழுந்தாலும் தண்ணீர் ஏறினாலும் கட்டிய மாடு தப்ப வழியில்லை. எனவே ஆரஞ்சு எச்சரிக்கையின்போதே கால்நடைகளை மேடான இடத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். முடியாவிட்டால், இரவு நெருங்குமுன் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். மரத்தடியிலும் மின்கம்பத்தின் அருகிலும் கட்டவே கூடாது. காதில் அடையாள வில்லை இல்லாத மாட்டின் கொம்பில் வண்ணம் பூசி வைத்தால் மறுநாள் தேடுவது எளிது.

மாடொன்றுக்கு நாளைக்கு 6 கிலோ வைக்கோல் என்று கணக்கிட்டால் இரண்டு மாட்டுக்கு ஒரு வாரத்துக்கு 84 கிலோ. அந்த அளவைப் போரிலிருந்து பிடுங்கி, நனையாத பரணில் போட்டு வைக்க வேண்டும். போர் முழுதும் நனைந்து பூஞ்சணம் பிடித்தாலும் மாடு பட்டினி கிடக்காது.

மழைக்காலத்துக்கு முன்பே கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய்களுக்கு மாடுகளுக்கும், ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கு ஆடுகளுக்கும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். வெள்ளம் வடிந்த பின் நோய் பரவும்போது போடும் ஊசி காலம் கடந்தது. புயலில் மாடு இறந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று பெற்ற பிறகே புதைக்க வேண்டும். சான்று இல்லாமல் நிவாரணம் கோருவது கடினம். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பது அவசியம்.

நெல் வயல்

சம்பாவுக்குக் காற்றைவிடத் தேங்கும் தண்ணீர்தான் எமன். வயல் வடிகாலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. அது போய்ச் சேரும் பொது வடிகால் வாய்க்கால் ஆகாயத்தாமரையாலும் காட்டாமணக்காலும் அடைத்துக் கிடந்தால், ஓர் ஏக்கர் தண்ணீர் பக்கத்து ஏக்கருக்குப் போகுமே தவிர ஊரை விட்டுப் போகாது. ஆடி, ஆவணியில் ஊரார் கூடி வடிகாலைத் துப்புரவு செய்வது, எந்தத் தனி விவசாயியும் தானாகச் செய்துகொள்ள முடியாத காப்பு.

ஆண்டுதோறும் மூழ்கும் பள்ள வயல்களுக்கு சி.ஆர்.1009 சப்-1, சுவர்ணா சப்-1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகங்கள் ஏற்றவை. இவை இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தண்ணீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கக்கூடியவை. ஆனால் கடல் உப்பைத் தாங்குவதற்காக உண்டாக்கப்பட்டவை அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

புயல் அறிவிப்பு வந்தவுடன் யூரியா இடுவதையும் மருந்து அடிப்பதையும் ஒத்திப் போட வேண்டும். இட்டதெல்லாம் வெள்ளத்தோடு போகும். வயலில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, வரும் மழைக்கு இடம் உண்டாக்க வேண்டும். விதை நெல்லையும் உரத்தையும் ஒரே இடத்தில் வைக்காமல், பாதியை மேட்டு வீட்டில் உள்ள உறவினரிடம் வைக்கலாம். பூச்சிமருந்து டப்பாக்களைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். வெள்ளத்தில் அவை உடைந்தால் கிணறு விஷமாகும்.

தென்னையும் வாழையும்

தோப்பில் முற்றிய காய்களையும் விற்கக்கூடிய இளநீரையும் மஞ்சள் எச்சரிக்கையின்போதே பறித்துவிட வேண்டும். குலை நிறையக் காயோடு நிற்கும் மரத்துக்குத் தலைப்பாரம் அதிகம். காய்ந்த மட்டைகளையும் அடிமட்டைகளில் சிலவற்றையும் கழித்துவிட்டால் காற்றுப் பிடிப்பது குறையும். தோப்புக்குத் தண்ணீர் கட்டுவதை நிறுத்த வேண்டும். ஈர மண்ணில் வேர்ப்பிடிப்பு தளரும். வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து, அடியில் மண் அணைத்து, கீழ் இலைகளை நீக்க வேண்டும். ஓரளவு தேறிய தார்களை வெட்டி விற்றுவிடுவது லாபம். கரும்பைச் சோகை உரித்து, நாலைந்து கழிகளாகச் சேர்த்து விட்டம் கட்டலாம்.

எத்தனை செய்தாலும் கடும் புயலில் தென்னை விழத்தான் செய்யும். கஜாவுக்குப் பின் அரசு, விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. நன்கு காய்க்கும் மரம் ஆண்டுக்கு நூறு காய் தரும். காய் பத்து ரூபாய் என்று வைத்தாலும் அந்த நிவாரணம் ஓராண்டு மகசூலுக்குத்தான் சமம். புதிதாக வைக்கும் நெட்டை ரகக் கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். நடுவில் உள்ள ஆண்டுகளுக்குக் குடும்பம் என்ன செய்யும் என்பதே கேள்வி.

இந்த இடைவெளியில் ஒரு பகுதியை அடைக்கத்தான் தென்னை மரக் காப்பீடு உள்ளது. தென்னை வளர்ச்சி வாரியம் 2009-10-இல் இதைத் தொடங்கியது. பின்னர் திருத்திய விகிதப்படி 16 முதல் 60 வயதுள்ள மரத்துக்குக் காப்பீட்டுத் தொகை 1,750 ரூபாய், ஆண்டுப் பிரிமியம் 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்க, விவசாயி செலுத்துவது கால் பங்கு, அதாவது மூன்றரை ரூபாய். மேலே சொன்ன குடும்பத்தின் நாற்பது மரத்துக்கு ஆண்டுக்கு 140 ரூபாய். காப்பீட்டுத் தொகை 70,000 ரூபாய். இழப்பில் ஒரு சிறு எண்ணிக்கை கழிக்கப்படும். விகிதமும் நிபந்தனையும் அவ்வப்போது மாறக்கூடும். எனவே ஒவ்வோர் ஆண்டும் தோட்டக்கலை, வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்து, மழைக்காலத்துக்கு முன் புதுப்பிக்க வேண்டும்.

காகிதங்கள்

வெள்ளத்தில் நெல் போனால் அடுத்த போகத்தில் விளையும். பட்டா போனால் அலைச்சல் பல மாதம். பட்டா, சிட்டா, அடங்கல், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் நகல் எடுத்து, தண்ணீர் புகாத தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, கையோடு எடுத்துப் போகும்படி வைக்க வேண்டும். ஒரு நகல் வெளியூரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

இன்னும் முக்கியமானது, காகிதத்தில் உள்ள பெயர். தந்தை இறந்து பல வருடம் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தும் பங்கு பிரியாமல் இருப்போர் உண்டு. குத்தகைக்குச் சாகுபடி செய்வோர் பெயர் அடங்கலில் இல்லாமல் போவதும் உண்டு. நிவாரணக் கணக்கு எடுக்கும்போது இவர்கள் எல்லோரும் அடிபடுவார்கள். உழைத்தவர் ஒருவர், தொகை இன்னொருவர் கணக்குக்குப் போகும். பெயர் மாற்றமும் அடங்கல் திருத்தமும் கோடையில், அவசரம் இல்லாத நாட்களில் செய்ய வேண்டிய வேலை.

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். சமீப ஆண்டுகளில் பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி நாளாக அறிவிக்கப்பட்டு வந்திருக்கிறது. கடைசி வாரத்தில் கூட்டம் நெருக்கும், மழையும் பெய்யும். நடவு முடிந்து அடங்கல் கிடைத்தவுடன் பதிவு செய்துவிடுவதே புத்திசாலித்தனம். வயலையும் தோப்பையும் மாட்டையும் வீட்டையும் ஐப்பசி பிறக்கும்போது செல்போனில் படம் எடுத்து வைத்தால், 'இத்தனை மரம் இருந்தது' என்பதற்கு அதுவே சாட்சி.

புயலுக்குப் பின்

அறுந்து கிடக்கும் மின்கம்பியை, மின்சாரம் இல்லை என்று தெரிந்தாலும், தொடவோ தாண்டவோ கூடாது. பாம்பு வீட்டுக்குள் ஏறியிருக்கும். கோல் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரை நன்றாக இறைத்து, சுகாதாரப் பணியாளரைக் கொண்டு பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். சேற்றில் வேலை செய்வோர் காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சலுக்கு வழியாகும். காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கணக்கெடுப்பு முடியும் முன் மரங்களை அகற்ற நேர்ந்தால், படம் எடுத்து கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்துவிட்டு அகற்றலாம்.

தண்ணீர் வடிந்த நெல் வயலில் பயிர் மஞ்சளித்து நிற்கும். ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவையும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். மேலுரமாக ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம். பயிர் முழுதும் அழுகிவிட்டால், மீண்டும் நெல் விதைக்குமுன் தண்ணீரைக் கணக்கிட வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும். அதற்குப் பின் பாசனம் உறுதியில்லாத கடைமடை வயலில், தை மாதத்தில் ஏக்கருக்கு 10 கிலோ உளுந்து விதைத்தால் 65 முதல் 75 நாளில் கையில் காசு வரும். அதற்கான விதையை முன்பே எடுத்து வைத்திருந்த வீட்டுக்குத்தான் இந்த வழி.

கடல் நீர் ஏறிய வயலில் வரப்பை உயர்த்தி, மழை நீரைத் தேக்கி வடித்து, மீண்டும் தேக்கி வடித்து உப்பைக் கழுவ வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் வயல்களை மீட்டதில் நல்ல மழைக்கும் இந்த முறைக்கும் பெரும் பங்கு உண்டு.

சாய்ந்த இளந்தென்னையை ஒரு வாரத்துக்குள் நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, மண் அணைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. நிற்கும் மரங்களின் குருத்தில் 1 சத போர்டோ கலவை தெளித்தால் குருத்தழுகலைத் தடுக்கலாம். விழுந்த மரங்களை நாட்கணக்கில் போட்டு வைப்பது பெரும் தவறு. அழுகும் மரத்தில் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் பெருகி, தப்பிய மரங்களையும் அழிக்கும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, நிற்கும் மரங்களின் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் இடுவது காண்டாமிருக வண்டைத் தடுக்கும்.

புதுக் கன்று வைக்கும்போது 25 அடி இடைவெளியில் மூன்றடிக் குழி எடுத்து, மேல் மட்டத்துக்கு ஓர் அடி கீழே நட வேண்டும். கடற்கரைப் பக்கம் இரண்டு வரிசை சவுக்கு வைத்தால் காற்றின் வேகம் தோப்புக்குள் குறையும். தென்னை ஒன்றையே நம்பியிருந்த குடும்பங்கள்தான் கஜாவில் எழுந்திருக்கவே முடியாமல் போயின. கன்று வளரும் வரை ஊடே உளுந்து, கடலை, வாழை, தீவனப்புல் என்று மாற்றி மாற்றிச் செய்தால் ஆறேழு ஆண்டும் வெறும் கையாக நிற்க வேண்டியதில்லை.

ஒரு வருடத்துக்கு ஒரு நாள்

இத்தனை வேலையும் ஒரே நாளில் முடிவதல்ல, பிரித்துக்கொண்டால் பெரிதுமல்ல. கோடையில் பட்டாவும் அடங்கலும். ஆடி, ஆவணியில் வடிகாலும் அடிகுழாயும் தடுப்பூசியும். புரட்டாசியில் கூரையும் கொக்கியும் காப்பீடும். ஐப்பசி பிறந்ததும் தண்ணீர் டிரம், ரேடியோ, மருந்துப் பெட்டி, காகிதப் பை. ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவித் துடைத்து வைக்கும் நாளிலேயே இந்தப் பட்டியலையும் குடும்பத்தோடு உட்கார்ந்து சரிபார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக் கொள்ளலாம். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. அடுத்த பெரும் புயல் மூன்று ஆண்டில் வருமோ முப்பது ஆண்டில் வருமோ தெரியாது. அப்போது அந்த வீட்டில் விவசாயியாக இருக்கப் போவது அவர்களே.